மேடு ஏற வேண்டாம்

மேடு ஏற வேண்டாம் என்றார் தஞ்சாவூர் டாக்டர்,
என் ரத்தக்குழாய்க்குள் ஒரு கம்பிச்சுருளை வைத்துவிட்டு.
சிரிப்பு வந்தது.
எங்கள் தாலுகாவில்
மழைத்தண்ணீருக்கே எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாது.
ஐம்பத்தோரு வருஷத்தில் நான் ஏறியதெல்லாம்
புயல் காப்பகத்து மாடியும்
உப்பு லாரியின் பின்பலகையும்.
மலை என்று பார்த்தது
அவர் கையிலிருந்த இசிஜி தாளில்தான்.

ஆனால் வேண்டாம் என்று ஒருவர் சொன்னபிறகு
கால் சும்மா இருக்குமா?

கத்திரி பிறந்து எட்டாம் நாள்.
உப்பளத்துக் கணக்கு மெஹராஜ் கூட வந்தாள்,
நாக்கடியில் வைக்கும் மாத்திரையை
முந்தானையில் முடிந்துகொண்டு.
"செத்துகித்து வச்சிராத,
ஒன் வீட்டாளுக்கு என்னால பதில் சொல்ல முடியாது."
ஆறே முக்கால் பஸ் எட்டரைக்கு வந்தது.
கோடியக்காட்டுச் சோதனைச்சாவடியில்
எங்கே என்றார் காவலர்.
மேட்டுக்கு.
இந்த வெயில்லயா, என்று கேட்டவர்
பதிலுக்குக் காத்திராமல்
பானையைக் காட்டினார், குடிச்சிட்டுப் போங்க.

காடு தூரத்தில் நிழல் மாதிரி நடித்தது.
உள்ளே போனால்
கதவு சாத்திய அடுக்களை.
சங்கமுள் சேலையைப் பிடித்து
எந்த ஊர், யார் மகள் என்று விசாரித்தது.
பத்தடி நடந்தால் ஆறடிதான் நிற்கும்,
மணல் நாலைத் திருப்பி எடுத்துக்கொள்ளும்.
சேதாரம் என்றாள் மெஹராஜ்.

இந்த வெயிலுக்கா பூக்கும்?
காயா பூத்திருந்தது,
காம்பு நீட்டக்கூட அவகாசமில்லாமல்
கொப்போடு ஒட்டிக்கொண்டு,
துடைக்க மறந்த ஊதா மசி.
ஆவாரை கண்ணைக் கூசவைத்தது.
நெருஞ்சியின் மஞ்சளை நான் பார்த்துக்கொண்டிருக்க
அதன் காய்கள்
என் சேலைக்கரையில் ஏறிக்கொண்டன.

கஜா சாய்த்த பாலைமரம் ஒன்று
படுத்தபடியே தளிர்த்து
படுத்தபடியே பழுத்திருந்தது.
அதன்மேல் உட்கார்ந்து தின்றோம்.
பால் உதட்டை ஒட்டிவிட
கொஞ்ச நேரம் இருவருக்கும் பேச்சில்லை.
அப்போதுதான் கேட்டது என் நெஞ்சு,
புதிதாகக் குடிவந்தவன்
சுவரில் ஆணி அடிக்கிறமாதிரி.

மரம் விலகிப் புல் திறந்த இடத்தில்
வெளிமான் கிடா. முறுக்கிய கொம்பு.
நிமிர்ந்து எங்களைப் பார்த்தது.
இதுகளால் ஆபத்தில்லை என்று முடிவுசெய்து
மேயப் போய்விட்டது.
கொஞ்சம் அவமானமாகத்தான் இருந்தது.

மேட்டடியில் ஒற்றைப் பூவரசு.
எங்களுக்கு வராத காற்று
அதன் இலைகளிடம் மட்டும் ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.
ஒவ்வொன்றாக நடுங்கின.

பிறகு மேடு.
பனையில் பாதி இருக்காது.
மலைநாட்டுக்காரர் பார்த்தால்
கால் இடறியது என்று நினைப்பார்.
ஏழுமுறை நின்றேன்.
நாலாவது முறை மெஹராஜ் முடிச்சை அவிழ்த்தாள்.
ஐந்தாவது முறை
தலைசுற்றி அவளே உட்கார்ந்துவிட்டாள்.
மாத்திரை யாருக்கு என்பதில் சற்றுக் குழப்பம்.
மிச்சத்தை
ஒருத்தி முழங்கையை ஒருத்தி பிடித்து ஏறினோம்.
யார் யாரை இழுத்தோம் என்பதில்
இன்றைக்கும் வழக்கு இருக்கிறது.

மேலே
கடல் ஒரு பக்கம்.
மறுபக்கம் வெள்ளை வெள்ளையாகப் பாத்திகள்,
முப்பது வருஷம் நான் குனிந்த இடம்,
கைக்குட்டை அளவு.

மெஹராஜ் ஒரு பிடி மணலை அள்ளி
விரலிடுக்கில் விட்டாள்.
நடுநடுவே மினுமினுப்பு.
குடகில் எந்தப் பாறையோ
எத்தனை மதகு தாண்டியோ,
ஆறு அரைத்து அரைத்து அனுப்பிய பொடி.
அப்படியானால்
பிறந்த நாளிலிருந்து மலைமேல்தான் நடந்திருக்கிறேன்.
படுத்துக்கிடக்கிற மலை.
சொல்லவில்லை அவளிடம்,
அவள் தண்ணீர்ப் பாட்டிலைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தாள்.

ஆடி மாசப் பரிசோதனையில் டாக்டர் கேட்டார்,
மேடு ஏதும் ஏறினீங்களா?
இல்லையே, என்றேன்.
படுக்கச் சொன்னார்கள்.
கணுக்காலில் கிளிப் மாட்ட
நர்ஸ் சேலைக்கரையை ஒதுக்கினாள்.
மூன்று துவைப்புக்கும் விழாத நெருஞ்சிக்காய் ஒன்று
அங்கேயிருந்து
பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது.