ஏழாம் துளை

அரூரைத் தாண்டி, கல்லூத்துப்பட்டிக்குப் பிரியும் மண்சாலையில்
குச்சிக்கிழங்குக் காட்டுக்கு நடுவே
நூற்றுப்பதினெட்டாவது மீட்டரில்
வெள்ளைக் கல் கறுத்தது.

தீர்த்தகிரி ரிக்கை நிறுத்தினார்.
உருளையைக் கழுவி என் கையில் வைத்தார்.
சுண்ணாம்புக் கல் இவ்வளவு கனக்காது.
உடைந்த முகத்தில் சின்னச் சின்னச் சதுரங்கள்
வெயிலைத் திருப்பி என் கண்ணிலேயே அடித்தன.
காரீயம். கூடவே கொஞ்சம் துத்தநாகம், பிசின் நிறத்தில்.

அன்றிரவே ஊருக்குள் அது வெள்ளியாகியிருந்தது.
மறுநாள் டீக்கடையில் தங்கம்.
தர்மபுரியிலிருந்து ஒருவர் காரில் வந்து
ஏக்கர் என்ன விலை என்றார்
காட்டுக்காரி மாதம்மாவிடம்.
கெழங்கு புடுங்கிட்டுச் சொல்றேன் என்றாள்.

பிறகு கிழக்கே தள்ளித் துளைத்தோம்: வெள்ளை.
மேற்கே: வெள்ளை.
வடக்கே விரற்கடை கறுப்பு, அப்புறம் வெள்ளை.
ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சொட்டு அமிலம் விட்டேன்.
ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு நுரைத்து
நான்தான், நான் மட்டும்தான் என்றது.

இடம் கொடுத்தால் மடத்தைப் பிடுங்கும் என்பார்கள்.
எந்தக் காலத்திலோ ஒரு வெந்நீர்
ஈயத்தைச் சுமந்துகொண்டு விரிசல் வழியே ஏறி வந்திருக்கிறது.
கல் கரைந்து இடம் கொடுத்திருக்கிறது.
வந்தது மடத்தைப் பிடுங்கவில்லை.
நாற்பதடி நீளம், ஆளுயரத் தடிமன்,
ஒரு லாரி நிறுத்துமளவு இடம் போதுமென்று
அங்கேயே ஆறிப்போனது.

ஏழாம் துளையும் வெள்ளை.
"சிறு வில்லை. தோண்டக் கட்டுப்படியாகாது"
என்று அறிக்கையில் எழுதினேன்,
கல்யாணம் நின்றுபோன வீட்டில்
வாடகைப் பாத்திரங்களை எண்ணி வைப்பவளைப் போல.

குழாய் வாய்களுக்கு சிமெண்ட் பூசி
நம்பர் போட்ட சாயங்காலம் மாதம்மா வந்தாள்.
"அப்ப ஒண்ணுமில்லையா?"
"இருக்கு. கொஞ்சம்."
"கொஞ்சம்னா?"
இரண்டு கையையும் விரித்தேன்,
எவ்வளவு விரிப்பதென்று தெரியாமல் பாதியில் நிறுத்தினேன்.

அவள் அதைப் பார்க்கவே இல்லை.
"தொளை போட்டீங்களே, தண்ணி எத்தனாவது அடியில வந்துச்சு?"

பதிவேட்டைப் புரட்டினேன்.
அறுபத்திரண்டு மீட்டர், விரிசல், நல்ல ஊற்று.
ஓரத்தில் பென்சிலில் இருந்தது,
அறிக்கைக்குப் போகாத வரி.
"இருநூறடி" என்றேன்.
"எந்தத் தொளை?"

நாலாவது. கிழக்கே,
வெறும் வெள்ளை என்று நான் முதலில் மூடச்சொன்னது.
விரலால் தொட்டுப் பார்த்தாள்.
சிமெண்ட் இன்னும் காய்ந்திருக்கவில்லை.