மற்றவை (குறிப்பிடவும்)

மாநிலத்தில் எங்கள் சங்கத்துக்கு இருநூற்றுப் பதினேழு பேர்.
எல்லாருமே பள்ளி உளவியலர்கள்.
இணையத்தில் அனுப்பினால் ஒருவரும் திறக்கமாட்டார்கள் என்று
தலைவர் டாரீன் ஹ்லாவாச் அடித்துச் சொன்னதால்
வினாத்தாள் காகிதத்தில் போனது, பதில் உறையோடு.
தொண்ணூற்று நான்கு திரும்பியிருக்கிறது.

ஆய்வுக் குழு என்று ஒன்று இருந்தது.
இரண்டு பேர் வேலையை விட்டார்கள்,
ஒருத்திக்கு இரட்டைக் குழந்தை.
குழு என்பது இப்போது நான்,
கியர்னி நகரத்தில் ஒரு அடுக்களை மேசை,
பிப்ரவரி.

உறையைப் பிரித்ததும் குப்பையில் போட்டுவிடுவேன்.
அஞ்சல் முத்திரையைப் பார்ப்பதில்லை.

கேள்வி ஆறு: உங்கள் பொறுப்பில் எத்தனை மாணவர்கள்?
ஐந்நூறு வரை, ஆயிரம் வரை, அதற்கும் மேல்.
அந்தக் கடைசிக் கட்டத்துக்குள்
ஐம்பத்தெட்டுப் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள்.
கட்டம் போட்டவள் நான்தான்.
இன்னும் இரண்டு போட்டிருக்கலாம்.

கேள்வி ஒன்பது: வாரத்தில் எத்தனை மணி நேரம்
அறிக்கைக்காக இல்லாமல்
ஒரு குழந்தையோடு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள்?
ஒருவர் 'இரண்டு' என்று எழுதி அடித்திருக்கிறார்.
'அரை' என்று எழுதி அதையும் அடித்திருக்கிறார்.
பிறகு காபி வட்டம் மட்டும்.

அறுபத்தொன்றாவது தாள்.
எத்தனை பள்ளி மாவட்டங்கள்? ஏழு.
எத்தனை ஆண்டு? இருபத்தாறு.
ஏழும் இருபத்தாறும் சேர்ந்தால்
நெப்ராஸ்காவில் ஒரே ஆள்.
பெயரை இங்கேயும் எழுதமாட்டேன்.
ஆணா பெண்ணா என்பதையும்
'அவர்' என்ற சொல் போர்த்தி வைத்துக்கொள்ளட்டும்.
மணல்மேட்டுப் பக்கம்,
பள்ளிக்கும் பள்ளிக்கும் எண்பது மைல்.
போன மாநாட்டில் என் தட்டிலிருந்த வெள்ளரி ஊறுகாயைக்
கேட்காமலே எடுத்துத் தின்றவர்.

கேள்வி இருபத்திரண்டு:
கடினமான நாளுக்குப் பிறகு யாரிடம் பேசுகிறீர்கள்?
சக ஊழியர், மேலதிகாரி, குடும்பம், மற்றவை (குறிப்பிடவும்).
ஒரு அங்குலம் கோடு விட்டிருந்தேன்.
அதில், 'கார் வைப்பர்.'
கீழே விளிம்பில், பென்சிலில்,
'மழை இல்லாத நாளிலும் போட்டுவிடுகிறேன். தலையாட்டுமே.'

சிரித்துவிட்டேன்.
அப்புறம் கேள்வி முப்பதைப் பார்த்தேன்:
ஐந்தாண்டு கழித்தும் இந்தப் பணியில் இருப்பீர்களா?
காலி.

ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால்
பொழுது சாய்வதற்குள் அதன் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பேன்.
அதற்கென்று மஞ்சள் நிறத்தில் படிவமே இருக்கிறது.
இங்கே முதல் பக்கத்தில், தடித்த எழுத்தில், என் வாக்கு:
'உங்கள் பதிலையும் உங்களையும் யாரும் பொருத்திப் பார்க்கமாட்டார்கள்.'
பொருத்திவிட்டேனே.
பார்த்ததைப் பாராததாக்க எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

மூன்று இரவு.
பிறகு நினைவூட்டுக் கடிதம், இருநூற்றுப் பதினேழு பேருக்கும்.
'ஏற்கெனவே அனுப்பியிருந்தால் பொருட்படுத்த வேண்டாம்'
என்ற வழக்கமான வரியை எடுத்துவிட்டு எழுதினேன்:
'அனுப்பியவர்களும் இதைப் படியுங்கள்.
வியாழக்கிழமை இரவு ஏழு மணிக்கு மேல்
என் தொலைபேசி சும்மா கிடக்கும். எண் கீழே.'
தபால்தலைச் செலவுக்குப் பொருளாளர்
இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

முதல் வியாழன் ஒமாஹாவிலிருந்து ஒருத்தி,
பன்னிரண்டாவது கேள்விக்கு அர்த்தம் கேட்டு.
நாற்பது நிமிஷம் பேசினோம்,
பன்னிரண்டாவது கேள்வி வரவே இல்லை.
அடுத்த வாரம் மூன்று பேர்.
புதிதாகச் சேர்ந்த ஒரு பையன்
பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான்; இருந்தேன்.
அவர் மட்டும் அழைக்கவில்லை.

தாள்கள் இப்போது நூற்று முப்பத்தொன்று.
அறிக்கையில் ஒரு வரி: மற்றவை, ஒன்று.
சுழி புள்ளி ஏழு ஆறு விழுக்காடு.
'ஒரு விழுக்காட்டுக்குக் கீழே இருப்பதை விட்டுவிடலாமே,
அட்டவணை ஒரே பக்கத்தில் அடங்கும்' என்கிறார் டாரீன்.
இரண்டாம் பக்கத்துக்குப் போகட்டும் என்றேன்.

இன்றும் வியாழன்.
நிரப்பாமல் விட்ட என் தாளை
இப்போதுதான் எடுத்தேன்.
கேள்வி இருபத்திரண்டு வரை சரசரவென்று வந்துவிட்டேன்.