மூன்று துளைகள்

தாழமுக்கம் நானூறு கிலோமீற்றர் தள்ளி நின்ற அன்று
காத்தான்குடியிலிருந்து பஸ்மில் வந்தான்,
மோட்டார் சைக்கிளின் பின்னால்
வெல்டிங் பெட்டியைக் கட்டிக்கொண்டு.

கராஜ் கதவைத் தட்டிப் பார்க்கவில்லை.
உள்ளங்கையை விரித்து நடுவில் வைத்து
ஒரு தள்ளுத் தள்ளினான்.
தகரம் எக்கிய வயிறுபோல உள்ளே போய்
மறுகா வெளியே வந்து டொங் என்றது.

"அக்கா, உங்கட வீட்டிலயே பெரிய ஓட்டை
இதுதான்."

ஆத்திரம் வந்தது எனக்கு.
ஒன்பதடி அகலம். நீலம்.
பட்டா லொறி நனையக் கூடாதென்று
மூன்று வருசம் சீட்டுக் கட்டி எடுத்த கதவு.
ஆரையம்பதியில் எங்கள் ஒழுங்கையில்
இப்படிச் சுருண்டு மேலே போகிற கதவு
வேறு யாரிடம் இருக்கிறது?

"காத்து இத உடைச்சா அதோட நிக்காது.
உள்ள வந்து நிமிரும். நிமிர இடமில்லாட்டிச்
சீற்றைத் தூக்கும். கூரைய ஆரும்
மேல இருந்து பிடுங்கிறதில்ல அக்கா.
கீழ இருந்துதான் தள்ளுது."

என் முதுகுக்குப் பின்னால் தொண்ணூறு தட்டு முட்டை.
முட்டை விற்கிறவளுக்கு இதை
இரண்டு தரம் சொல்லத் தேவையில்லை.
கைக்குள் வைத்து இரு முனையையும் அமுக்கிப் பார்,
மாடு பிடிக்கிறவனும் தோற்பான்.
உள்ளேயிருந்து என்றால்
ஈரம் காயாத ஓர் அலகு போதும்.

எழுபத்தெட்டில் அவனும் இல்லை, நானும் இல்லை.
பிறக்காதவர்களுக்கும் ஞாபகமுள்ள காற்று அது.
இருவரும் அதைப்பற்றிப் பேசவில்லை.
"சரி, செய்" என்றேன்.

இரண்டங்குலச் சதுரக் குழாய், மூன்று.
தலைப்பக்கம் பீமில் தகடு வைத்து போல்ட்.
கால்பக்கம் சீமெந்துத் தரையைத் துளைத்து
ஒரு சாண் ஆழம்.
கதவின் காதுகள் தடத்தைவிட்டுக் கழராதபடி
இரண்டு ஓரத்திலும் இரும்புக் கோணம்.
பொறி பறந்து ஒரு தட்டின் மூலை கருகியது.
நாற்பத்தையாயிரம் கேட்டான்.
நாற்பது காசாக. மிச்சத்துக்கு நாலு தட்டு.

இரவு லொறிக்குள்ளேயே இருந்தேன், ரேடியோவோடு.
மழை. பிறகு மழை.
இரண்டு மணிக்கு ஒரு தென்னோலை வந்து
கதவில் விழுந்தது.
குழாய்கள் அசையவில்லை. அவற்றுக்கு
அசைய ஒரு காரணமே வரவில்லை.
திசை மாறிற்றாம். வடக்கே,
முல்லைத்தீவுக்குக் கிட்டக் கரையேறுகிறதாம்.

சொல்லக் கூடாது. சொல்கிறேன்.
ஒரு நிமிசம் ஏமாந்துபோனேன்.
நாற்பத்தையாயிரத்தை
எதன் மேலாவது சோதித்துப் பார்க்கவேண்டும் போல.

அதற்குப் பிறகுதான் திலகவதி நினைவுக்கு வந்தாள்.
முள்ளியவளை. மாதத்துக்கு ஒருதரம்
பெட்டி பெட்டியாகக் குஞ்சு அனுப்புகிறவள்.
போன் அடிக்கவேயில்லை.
அடுத்த நாளும் இல்லை.

மூன்றாம் நாள் எடுத்தாள்.
கோழிக்கூடு போச்சு என்றாள். சீற் போச்சு.
பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில், பரவாயில்லை என்றாள்.
எனக்கு வாயில் வேறொன்றும் வரவில்லை.
"கதவு?" என்று கேட்டேன்.
"எந்தக் கதவு?" என்றாள்.

குழாய்களைக் கழற்றிச் சுவரோடு சாத்தியிருக்கிறேன்.
தரையில் மூன்று துளைகள்.
நடுத் துளையில் தண்ணீர் நின்று
ஒரு தவளை வந்துவிட்டது.
லொறியைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம்
இடது சில்லு ஓர ஓட்டையைத் தேடிப் போய் இறங்கும்,
தட்டுகள் குலுங்கும், ஒன்றிரண்டு வெடிக்கும்.
மூடி செய்து தருவதாகப் பஸ்மில் சொன்னான்.
இன்னும் தரவில்லை.
நானும் கேட்கவில்லை.