முப்பத்தொன்றாம் பக்கம்

கோல கெட்டில் பட்டணத்தில், சூப்பர்மார்க்கெட்டுக்கு மேல்மாடியில்
டிக்கெட் கிழிப்பவள் நான்.
படம் விட்டதும் துடைப்பத்தோடு உள்ளே போவதும் நான்தான்.
சோளப்பொரி சிந்திக் கிடக்கும் அழகை வைத்தே
படம் எப்படியென்று சொல்லிவிடுவேன்.
நேற்று ஒருவரும் சிந்தவில்லை.
வாங்கியதை வாங்கியபடி
மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறார்கள்.

மூன்று தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த கூட்டம்.
'ஆயிரமாவது மரத்து அழுங்கு' என்றால் இந்தப் பக்கத்தில்
இரண்டாம் வகுப்பைத் தாண்டிய எல்லாருக்கும் உறவு.
பச்சை அட்டை, முப்பத்திரண்டு பக்கம்.
புத்தகத்தில் அந்த அழுங்கு ஒரு வார்த்தை பேசாது.
படத்தில் வாய் மூடவில்லை.

"பேசுனதக்கூட பொறுத்துக்கலாம்" என்றார்
லாரி ஓட்டும் சிவநேசன், படிக்கட்டுக் கம்பியைப் பிடித்தபடி.
"அதுக்குக் கண்ணாடி எதுக்குய்யா மாட்டி விட்டானுங்க?"

குஞ்சரதேவி கழிப்பறையில் முகம் கழுவிக்கொண்டே
"நான் ஒண்ணும் அழல" என்றாள்.
நான் கேட்கவே இல்லை.

டயர் கடை ஆ ஹெங்,
மூன்றாம் வகுப்புவரை தோட்டப் பள்ளியில் எங்கள் பெஞ்சுக்காரன்,
பதினான்கு வெள்ளி ஐம்பது காசைத் திருப்பிக் கேட்டு
கவுண்டரில் நின்றான்.
"மரத்து உச்சியிலேருந்து அது ஆத்தப் பாக்கும்.
ஆறு எங்க? சொல்லு, ஆறு எங்க?"

"ஆறா?" சிவநேசன் பாதிப் படியில் திரும்பினார்.
"கடலுய்யா அது. கப்பல்கூட நிக்கும்."

"என்னா கப்பலு! அது அதோட அம்மாவைப் பாக்கும்."
யுவனேஸ்வரி, கைக்குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டு.

வேன்காரர் ஹாரன் அடிக்க அடிக்க
பத்து நிமிடம் நடந்தது சண்டை.
ஒரே ஒரு பொடியன் மட்டும்
"இன்னொருவாட்டி பாக்கலாம்பா" என்று குதித்தான்.
அப்பா தொடையில் கிள்ளினார்.

யாரோ ஒருத்தியின் பையில் புத்தகமே இருந்தது.
கவுண்டர்மேல் விரித்தோம்.
முப்பதாம் பக்கம்:
ஆயிரமாவது மரத்தில் ஏறி, உச்சியிலிருந்து எட்டிப் பார்த்தது.
முப்பத்திரண்டு:
பிறகு இறங்கி, ஒருவரிடமும் சொல்லாமல் தூங்கப் போனது.
இடையில் வெறும் தாள்.
மூலையில் எறும்பளவு எழுத்தில், 'நீயே வரை.'

அந்தப் பிரதியில் ஏதோ ஒரு பிள்ளை கோழி வரைந்திருந்தது.
ஊதா நிறத்தில்.
பெரிய கோழி.

கொஞ்ச நேரம் குளிர்பெட்டியின் உறுமல் மட்டும் கேட்டது.
ஆ ஹெங் பணம் கேட்பதை நிறுத்தவில்லை;
குரல்தான் இறங்கிவிட்டது.
நான் கொடுக்கவில்லை. கொடுக்க எனக்கு அதிகாரமும் இல்லை.

என்னுடையது பள்ளி நூலகத்துப் பிரதி.
கிறுக்கினால் ஐம்பது காசு அபராதம்.
மழை பெய்து மரம் வெட்டாத ஒரு நாள் முழுக்க
அந்தப் பக்கத்தைத் திறந்துவைத்துப்
பென்சிலைச் சீவிக்கொண்டே இருந்தேன்.
பென்சில்தான் தேய்ந்தது.
புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தேன்.
இருபத்தாறு வருடம் அது எனக்குள்
வெள்ளையாகவே கிடந்தது.
அப்படிக் கிடக்கிறதென்று நேற்றுவரை எனக்கே தெரியாது.

படத்தில் அந்த இடத்தில் ஹெலிகாப்டர் வருகிறது.
சிவப்பு. ஏணி இறக்குகிறார்கள்.
வாசல் திரையை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு
இரண்டு காட்சியிலும் பார்த்தேன்.

இன்று காலை, வேலைக்கு வரும் வழியில்
மோட்டாரைச் செம்பனை ஓரம் நிறுத்தி
கண்ணை மூடிப் பார்த்தேன்.
ஆறு வைத்தேன். கப்பல் வைத்தேன்.
யுவனேஸ்வரியிடம் கடன் வாங்கி அம்மாவை வைத்தேன்.
கோழியைக்கூட.

காற்றாடிச் சத்தம் முதலில் வருகிறது.
பிறகு அந்த ஏணி.