விட்டுப்போன வரி

ஒரு கடையில் நாற்பத்தெட்டு மாம்பழங்கள் இருந்தன.
பத்தொன்பது அழுகிவிட்டன.
மீதி எத்தனை?

நாற்பத்தெட்டு என்று எழுதியிருந்தாள் பெனிஷா.
மேலே சிவப்பு மையில் ஒரு பெருக்கல் குறி,
தாளின் மறுபக்கம் வரை அழுத்தி.

ஏன் பிள்ளே, ஒனக்கு கழிக்கத் தெரியாதா?
"தெரியும். இருபத்தொன்பது."
பின்னே?
"அழுகினாலும் அவை கடையில்தான் இருக்கின்றன, அம்மா.
யாரும் எடுக்கவில்லை."

இப்படித்தான் பேசுவாள்.
பிறந்தது கருங்கல்லில்;
பேச்சு மட்டும் பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்தது போல
ஒவ்வொரு சொல்லுக்கும் கைகால் சேர்த்து.
சந்தையில் லில்லிபாய் அதைக் கேட்கவே
ரெண்டு சாளை கூடப் போடுவாள்.

எட்டாம் வகுப்போடு அண்டியாபீசுக்குப் போனவள் நான்.
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
எங்கள் மேசையில் முழுப்பருப்பு, பிளந்தது, குருணை
எல்லாவற்றுக்கும் ஒரு பெட்டி உண்டு.
உடைந்ததாலேயே எதுவும் இல்லாமல் போவதில்லை.
அவள் சொன்னது சரி.
கணக்கில்தான் ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது:
அழுகியதைக் கடைக்காரர் குப்பையில் போட்டார்.
மற்ற பிள்ளைகள்
இல்லாத அந்த வரியை வாசித்துவிடுகிறார்கள்.

பென்சிலால் எழுதிச் சேர்த்தேன்.
நான் புள்ளி வைக்குமுன் இருபத்தொன்பது என்றாள்.

அன்று முதல் ராத்திரி, கறை போகாத விரலோடு
கணக்குப் புத்தகத்துக்கு வரி எழுதுகிறேன்.
ராஜன் ஆறு பழங்களைத் தம்பிக்குக் கொடுத்தான்.
(தம்பி திருப்பித் தரவில்லை.)
"மட்டியா, செந்துளுவனா?"
மட்டி.
"மட்டி என்றால் ஆறு கொடுக்கலாம்."
தொட்டியில் தண்ணீர் ஒழுகியது.
(குழாயை யாரும் அடைக்கவில்லை. மழையும் இல்லை.
இது பங்குனி மாதம்.)

தக்கலை பஸ்ஸில் முப்பத்தாறு பேர்,
பதினாலு பேர் இறங்கினார்கள் என்ற கணக்குக்கு
பரீட்சையில் அவளே ஒரு வரி சேர்த்தாள்:
ஓட்டுநரும் நடத்துநரும் பயணிகள் அல்லர் என்றால் இருபத்திரண்டு,
அவர்களையும் எண்ணினால் இருபத்துநான்கு.
செல்வின் சார் அரை மார்க் போட்டார்.
இரண்டு சரியான விடைக்கு அரை எப்படி வரும் என்று
மூன்று நாள் கேட்டாள்.
எனக்கும் தெரியவில்லை.

எல்லா ராத்திரியும் இப்படி இல்லை.
ஒருநாள் 'சுமார்' என்று வந்தது.
சுமார் ஐந்நூறு பேர்.
எத்தனை என்று கேட்டாள். சுமார் என்றேன்.
புத்தகம் சுவரில் போய் விழுந்தது,
பின்னாலேயே அவள் நெற்றியும்.
தலையணையை இடையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
அந்தச் சொல்லுக்குச் சேர்க்க
என்னிடம் வரி இல்லை.

சனிக்கிழமை நானே ஒரு கணக்கு போட்டேன்.
அம்மா இந்த வாரம் நாற்பத்தாறு கிலோ உரித்தாள்.
கிலோவுக்கு இருபத்தேழு ரூபாய்.
ஆயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு என்றாள்,
சரிபார்க்கக் கவரைத் திறந்தாள்.
நோட்டுகளைத் தரையில் வரிசையாக அடுக்கி,
மூலைகளை நேராக்கி, எண்ணி,
முதலிலிருந்து எண்ணி:
"ஆயிரத்து நூற்று முப்பது.
ஒரு வரி விட்டுப்போயிருக்கிறது, அம்மா."

ஒடைஞ்சதுக்குப் பிடிச்சிருப்பாவ, மக்களே.

"எத்தனை உடைந்தது?
ஒரு கிலோவுக்கு எவ்வளவு பிடிப்பார்கள்?
எங்கே எழுதியிருக்கிறது?"

பதினாறு வருசம்.
இல்லாத அந்த வரியை
நானும் வாசித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.

திங்கள் காலை சூப்பர்வைசர் மேசைமுன் நின்றேன்.
என்ன புஷ்பலீலா, புதுசா கணக்கெல்லாம் கேக்கிய?
சுமாரா ஒரு பிடித்தம், அவ்வளவுதான்.

சுமார்னா எங்க வீட்டுல ஒருத்திக்கு வெளங்காது சார்.
எழுதித் தாருங்க.

பின்னால் உரிக்கிற சத்தம் நின்றது.
அவர் மேசையில் பேனாவைத் தேடினார்.
அது அவர் சட்டைப்பையில்தான் இருந்தது.