புள்ளடி

ஒரு கோப்புக்கு நாலு ரூபா.
பத்து வினாடி கேட்டு
மழை, பூச்சி, மனிதர், பறவை
ஏதாவது ஒரு கட்டத்தில் புள்ளடி போட வேண்டும்.
இரவு பதினொன்றுக்குத் தொடங்குவேன்,
காலி வீதி கொஞ்சம் அடங்கியபின்,
கடைசி ரயில் ஜன்னல் கண்ணாடியை உலுக்கிவிட்டுப்
பாணந்துறைப் பக்கம் போனபின்.

இந்தக் கிழமை வருவதெல்லாம்
ஒரினோக்கோ கடலில் விழும் இடத்துக் கண்டல் காடு.
நீர் வற்றும்போது
சேறு வாய் திறந்து மூடுகிற சத்தம்.
அதற்குள் எங்கோ ஒரு குட்டி மரங்கொத்தி.
என் நடுவிரல் நீளம்தான்,
எடை இரண்டு ஐந்து ரூபாக் குற்றி.
பெரிய மரங்கொத்திகளைப்போல் வாலை ஊன்றி நிற்காதாம்,
வால் அவ்வளவு மெது.
அடிமரத்தை மற்றவைக்கு விட்டுவிட்டு
பட்ட சுள்ளி, கொடி, பென்சில் தடிப்பில் ஒரு கிளை,
அதிலே தலைகீழாய்த் தொங்கி
உள்ளே எறும்பு முட்டை இருக்கிறதா என்று
தட்டிப் பார்க்கும்.

டொக். டொக் டொக்.
பிறகு ஒரு நிறுத்தம்.

அந்த நிறுத்தம் எனக்குத் தெரியும்.

எட்டு வயதில், இதே வெள்ளவத்தையில்,
லொட்ஜில் பதினாறாம் அறை.
விடியப்புறம் இரண்டு மணிக்கு
வரிசையாகத் தட்டிக்கொண்டு வந்தார்கள்.
பன்னிரண்டு. பதின்மூன்று.
ஒவ்வொரு தட்டலுக்கும் பிறகு
காது கொடுத்துக் கேட்கிற அந்த இடைவெளி.
அம்மா என் வாயைப் பொத்தவில்லை,
அடையாள அட்டையைத் தேடிக்கொண்டிருந்தா.
பதினைந்தில் தேவநேசன்,
மணிக்கூடு திருத்துகிறவர்,
சட்டைப் பொத்தானை மேலிருந்து கீழ்வரை பூட்டிவிட்டுத்தான்
கதவைத் திறந்தார்.

மூன்றாம் நாள் திரும்பி வந்தார்.
ஒன்றும் கதைக்கவில்லை. தேத்தண்ணி கேட்டார்.
அடுத்த நாள் அவர் கதவில் ஒரு துண்டுக் கடதாசி:
தட்ட வேண்டாம்,
பெயர் சொல்லிக் கூப்பிடவும்.

வேலைக்குச் சேர்ந்த முதல் இரவு
இந்தக் குருவியை
மனிதர் என்ற கட்டத்தில் போட்டுவிட்டேன்.
ஒன்றல்ல, நாற்பத்தொரு கோப்பு.
மேற்பார்வை செய்கிற ரஸ்மினா திருத்தி அனுப்பினா,
கீழே ஒரு வரி:
தங்கச்சி, அங்கே கதவே இல்லை.

பக்கத்துக் காணியில் பதினொரு மாடி எழும்புகிறது.
காவலாளி நித்திரை வராமல்
இரும்புக் கம்பியால் எதையோ தட்டுகிறான்.
காதிலிருப்பதைக் கழற்றுகிறேன், மாட்டுகிறேன்.
இது இங்கேயா, அங்கேயா?
பின்னால் வாய்க்காலில் கபரகொய்யா ஒன்று
தண்ணீரில் சறுக்கும் சத்தம்.
அதற்குக் கட்டம் இல்லை, காசும் இல்லை.

திரும்பக் கேட்கிறேன்.
டொக். டொக் டொக்.
சுள்ளிக்குள் யாரோ இருக்கிறார்களா என்று
அதுவும்தான் கேட்கிறது.
எறும்புக்கு இரவு இரண்டு மணி.

படத்தில் அதன் கால்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
இரண்டு விரல் முன்னே, இரண்டு விரல் பின்னே.
நாங்கள் வாக்குச் சீட்டில் போடுகிற அதே குறி.
சொல்லிலேயே இருந்திருக்கிறது,
இவ்வளவு நாள் நான் கவனிக்கவில்லை.

பறவை என்ற கட்டத்தில்
அதன் காலை அதுவே வைத்தது போல
ஒரு புள்ளடி போட்டேன்.
உறுதியா, சந்தேகமா என்று கேட்டது.
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
உறுதி என்றேன்.

அடுத்த கோப்பில் மழை மட்டும்.