இரண்டு அங்குலம்

உடைமுள் இல்லை.
டயருக்குள் விரலை விட்டு ஒரு சுற்றுத் தடவியாயிற்று.
ஆணி இல்லை, சிப்பிச் சில்லும் இல்லை.
ஆனாலும் ராத்திரி கல்லாய் இருந்த சக்கரம்
விடியும்போது
தட்டிவிட்ட பிட்டு மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

தண்ணீர் லாரி செவ்வாய்தான் வரும்.
குடத்தில் கிடப்பதை இதற்குக் கொட்ட மனசில்லை.
கடலில் ஒரு வாளி மொண்டு வந்தேன்.
'உப்புத்தண்ணியில முக்காத, இருதயமேரி,
வால்வு அரிச்சுப் போகும்'
என்கிறார் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஜொகரா பீவி.
போன மாசம் வாங்கிப்போன பம்பைப் பற்றி
ஒரு வார்த்தை இல்லை.
கேட்டு வாங்கினேன்.
பிடி ஒரு பக்கம் உடைந்து
வலைநூலால் சுற்றியிருக்கிறது.
நல்ல கட்டுத்தான், குறை சொல்ல முடியாது.

காற்றடித்து, சாண் சாணாக வாளியில் அமுக்கினேன்.
பழைய ஒட்டு ஐந்து. எல்லாம் பத்திரம்.
எனக்கே பெருமையாக இருந்தது:
உப்புத்தாளில் உரசி, சொல்யூஷன் தடவி,
நூறு எண்ணிக் காத்திருந்து ஒட்டினவை.
எண்ணாமல் ஒட்டின முதல் இரண்டும்
மரைக்காயர்பட்டினம் தாண்டுமுன்னே உரிந்துவிட்டன.
கடைசியில் வால்வின் கழுத்தில்
நண்டுக்குஞ்சு மூச்சுவிடுவது போலப்
பொட்டுப் பொட்டாய்.
வால்வு டியூப் பிசுபிசுத்துப் போயிருந்தது.
இரண்டு ரூபாய்ச் சாமான்.
இதற்கா மூன்று நாள்
வேதாளையிலிருந்து நண்டுக் கம்பெனிக்கு நடந்தேன்,
அரைமணிக் கூலி வெட்டும் கொடுத்து?

கழற்றினது கழற்றியாச்சு என்று மற்றதையும் பார்த்தேன்.
கச்சான் ஒரு வாரம் வீசினால் போதும்,
இங்கே இரும்பு பொரிந்துவிடும்.
கிலாடிஸ் வீட்டு வள்ளத்தில் மிஞ்சின டீசலில்
செயினை ஊறப்போட்டேன்.
பிரேக் கட்டை தேய்ந்து இரும்பு தெரிந்தது.
அறுந்த செருப்பின் குதிகாலை வெட்டி வைத்தேன்.
கீச்சென்று கத்தும். கத்தட்டும்,
மணிதான் எப்போதோ போய்விட்டதே.

மிச்சம் சீட்டு.

பிளஸ் ஒன்னில் ஸ்டெபிலாவுக்கு
அரசாங்கம் கொடுத்த சைக்கிள்.
அவள் அப்பனைப் போல நெட்டை.
திருப்பூருக்குப் பஸ் ஏறினபோது
சீட்டு அவள் உயரத்தில் நின்றது.
மூன்று வருஷமாக நான்
நுனிக்காலில் மிதித்தேன்.
ரயில்வே கேட்டில் குதித்து இறங்கினேன்,
தூக்குவாளிக் குழம்பு ஒருதரம் சிந்தியது.
போல்ட்டு துருப்பிடித்துவிட்டது என்று
கேட்டவர்களிடம் சொன்னேன்.
ஒருநாளும் முழுப்பலம் கொடுத்துத் திருகினதில்லை
என்பது ஸ்பானருக்குத் தெரியும்.

இன்றைக்கு டீசல் மிச்சமிருந்தது.
நாலு சொட்டு விட்டு, டீ போட்டுக் குடித்து,
ஸ்பானர் வாலில் இரும்புக் குழாயைச் செருகி
மேலே ஏறி நின்றேன்.
மடக்கென்று ஒரு சத்தம்.
முட்டி எலும்போ என்று பயந்துவிட்டேன்.
போல்ட்டுதான்.
வெளியே நின்ற இரண்டு அங்குலமும் செம்பொருக்கு.
உப்புத்தாளால் தேய்க்கத் தேய்க்க
மடி நிறையத் துருத்தூள்.
பிறகு உள்ளே இறங்கியது,
முனகிக்கொண்டு.

போனில் சொன்னேன்.
'இவ்வளவு நாளா இறக்கலையாம்மா நீ?'
கிறிஸ்மஸுக்கு வந்தால் ஓட்டுவியேன்னுதான், என்றேன்.
'நான் ஸ்கூட்டி பழகுறேன்' என்றாள்.
விழுந்துகிழுந்து வைக்காதே என்றேன்.
பக்கத்தில் மெஷின் சத்தம், வைத்துவிட்டாள்.

மறுநாள் கேட் மூடியிருந்தது.
இறங்காமல் நின்றேன்,
இரண்டு பாதமும் தார்ரோட்டில்.
ராமேஸ்வரம் போகிற வண்டி.
கதவோரம் பல் விளக்கிக்கொண்டே ஒருத்தி போனாள்.

முழங்கால்தான் ஹேண்டில்பாரில் கொஞ்சம் இடிக்கிறது.
அரை அங்குலம் ஏற்றினால் சரியாகும்.
ஸ்பானரை ஜொகரா பீவி வாங்கிப் போயிருக்கிறார்.